பந்தயச் சைக்கிள் ரிம்மில் பழைய டயர்ப் பசை நீக்கம்

பந்தயச் சைக்கிளின் டியூபுலர் டயர் ரிம்மோடு பசையால் ஒட்டப்படுகிறது. டயரைக் கழற்றியதும் ரிம்மில் தங்கிவிடும் பழைய பசையை, அடுத்த டயர் ஒட்டுவதற்கு முன் எடுப்பதே பசை நீக்கம். வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு வாழ்நாளில் இந்த வேலை வராது. வெலோட்ரோம் என்னும் தடப் பந்தய அரங்கில் ஓட்டுகிறவருக்கும் அவருடைய மெக்கானிக்குக்கும் டயர் மாற்றும்போது அடிக்கடி இது காத்திருக்கும். பலர் இதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். பசை சரியாகப் பிடிக்காத டயர் வளைவில் கழன்றால் ஓட்டுபவரின் எலும்பு முறியலாம். அதனால் பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை இது.

ஒட்டும் டயர்

கடைகளில் கிடைக்கும் சாதாரண டயரின் இரு ஓரத்திலும் கம்பி இருக்கிறது. அது ரிம்மின் மடிப்புக்குள் மாட்டிக்கொள்கிறது. டியூபுலரில் கம்பி கிடையாது. நூல்துணி உறையை டியூபைச் சுற்றி மடித்துத் தைத்து, தையலை மூடி ஒரு பட்டைத் துணி ஒட்டியிருப்பார்கள். ரிம்மிலும் மடிப்பு கிடையாது, லேசாகக் குழிந்த படுகை மட்டுமே. பட்டைத் துணியும் படுகையும் பசையால் சேர்கின்றன. எடை குறைவு என்பதும், பத்து பார் அழுத்தத்துக்கு மேலும் காற்றடிக்கலாம் என்பதும் இதன் பலன்கள். இன்னொரு பலனும் உண்டு: பஞ்சரானாலும், ஒழுங்காக ஒட்டிய டயர் ரிம்மை விட்டு அகலாது. சாலைப் பந்தயங்களில் அண்மை ஆண்டுகளாக டியூப்லெஸ் டயர்கள் இதன் இடத்தைப் பிடித்துவிட்டன. தடப் பந்தயத்தில் டியூபுலர் இன்னும் நிலைத்திருக்கிறது.

ஒட்டும் முறை காற்றடைத்த டயர் அளவுக்கே பழையது. 1888இல் டன்லப் உருவாக்கிய டயர், ரிம்மோடு சேர்த்துச் சுற்றி ஒட்டப்பட்டது. பஞ்சர் ஒட்டவேண்டுமானால் எல்லாவற்றையும் பிய்த்து, திரும்ப ஒட்டி, இரவு முழுதும் காயவிட வேண்டும். இந்தத் தொல்லையை நேரில் பார்த்த மிஷெலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார்கள். அந்த டயரோடு ஓடி ஷார்ல் தெரோன் 1891இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தை வென்றார். ஊர்ச் சைக்கிள் அந்த வழியில் போனது. பந்தயச் சைக்கிள் பசையை விடவில்லை.

பசை கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பலரும் நினைவுகூரும் நிகழ்வு 2003 டூர் டி பிரான்சில் நடந்தது. ஜூலை 14 அன்று காப் நகரை நோக்கிய இறக்கத்தில், வெயிலுக்கு இளகிய தாரில் ஹோசெபா பெலோக்கியின் பின்சக்கரம் வழுக்கியது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. தொடை எலும்பு முறிந்த அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அன்று முதலில் சறுக்கவைத்தது சாலைதான். ஆனாலும் வெயில், பிரேக்கின் சூடு, பக்கவாட்டு இழுப்பு மூன்றும் சேரும்போது பசைக்கு எவ்வளவு சோதனை என்பதை அந்த விபத்து காட்டியது. சித்திரை வெயிலில் சைக்கிள் ஓட்டும் சென்னைக்காரருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

வடசென்னையில்

புளியந்தோப்பிலும் அதைச் சுற்றியுள்ள ஓட்டேரி, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் பகுதிகளிலும் சைக்கிள் என்றால் முதலில் உழைப்புக்கான வண்டி. பெரம்பூர்ப் பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலைக்கு ஆட்கள் போய்வந்த வண்டி. கைரிக்சாவை 1970களில் தமிழக அரசு ஒழித்தபோது அதன் இடத்துக்கு வந்த மூன்று சக்கர வண்டி. இங்கே பஞ்சர் கடைக்காரர் கையில் இருக்கும் ‘சொல்யூஷன்’ டியூபில் பேட்ச் ஒட்டுவதற்கானது. டியூபுலர் பசை அதுவல்ல. பேட்ச் சொல்யூஷன் மெல்லிய படலமாகக் காய்ந்து ரப்பரோடு ஒன்றிவிடும். டியூபுலர் பசை காய்ந்த பிறகும் பல மாதங்களுக்கு நெகிழ்வும் ஒட்டும் தன்மையும் இழக்காமல் இருக்கவேண்டும். இரண்டும் ரப்பர் பசைதானே என்று ஒன்றுக்கு மற்றொன்றைப் போடுவது ஆபத்து.

ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய மூலப்பொருள்கள் இந்தப் பகுதிக்கு அந்நியமல்ல. ரப்பர், கரைப்பான், தோல் ஒட்டும் பசை மூன்றுக்கும் வடசென்னை பழைய வீடு. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகை திருவொற்றியூரில்தான் இருந்தது, பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது அதுவே. மணலியில் 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற நிறுவனமாகத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, எரிபொருளோடு ஹெக்ஸேன், மினரல் டர்பெண்டைன் போன்ற கரைப்பான்களையும் தருகிறது. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து அதிக தூரமில்லாத பெரியமேட்டுத் தோல் மண்டிப் பக்கம், செருப்பு ஒட்டும் பசை டின் டின்னாக விற்கிறது. அந்தப் பசையை டியூபுலருக்குப் பூசிப்பார்க்கும் ஆசை யாருக்கும் வரலாம். கூடாது. அது முறுக்காக இறுகும். பிறகு எடுக்கும்போது டயரின் பட்டைத் துணியும் சேர்ந்து கிழியும்.

தடப் பந்தயத்துக்கான வசதியோ நகரின் மறுகோடியில் இருக்கிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்து வெலோட்ரோமில், 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளின் தடச் சைக்கிள் போட்டிகள் நடந்தன. பேசின் பிரிட்ஜ் பக்கத்துப் பிள்ளை ஒருவர் தடத்தில் ஓட விரும்பினால் நகரத்தைக் குறுக்காகக் கடந்துதான் போகவேண்டும். ரிம் துடைக்கும் வேலை மட்டும் அவர் வீட்டு மொட்டை மாடியிலேயே நடக்கலாம்.

எப்போது எடுக்கவேண்டும்

டயர் கழற்றும்போதெல்லாம் ரிம்மைச் சுரண்டவேண்டும் என்பது தவறான நம்பிக்கை. மெல்லியதாக, சீராக, ரிம்மோடு இறுகப் பிடித்திருக்கும் பழைய படலம் புதிய பூச்சுக்கு நல்ல அடித்தளம். அதே வகைப் பசையைத் திரும்பப் பூசுவதாக இருந்தால் அதை அப்படியே விடலாம். பசை கட்டிகட்டியாகத் திரண்டிருந்தால், பழுப்பேறிப் பொடியாக உதிர்ந்தால், டயரின் பட்டைத் துணி நூல்கள் அதில் சிக்கியிருந்தால், வேறு வகைப் பசைக்கோ ஒட்டுநாடாவுக்கோ மாறுவதாக இருந்தால், முழுக்க எடுக்கவேண்டும். முன்பு யாரோ ஓட்டிய பழைய சக்கரத்தை வாங்கியிருந்தாலும் அப்படியே: உள்ளே எந்தப் பசை என்று தெரியாதபோது அதன் மேல் நம் உயிரை ஒட்டக்கூடாது.

வேலை

டயரைக் கழற்றுவதில் பாதி வேலை அடங்கியிருக்கிறது. காற்றை முழுதும் இறக்கி, வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இரு கட்டைவிரலாலும் டயரை ஒருபக்கமாகத் தள்ளி உருட்டவேண்டும். சற்றுப் பிரிந்ததும் பிளாஸ்டிக் லீவரை நுழைத்து நகர்த்திக்கொண்டே போகலாம். ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பினால் அலுமினியப் படுகை கீறும், கார்பன் இழை அறுபடும்.

கரைப்பானைத் தொடுவதற்கு முன் கையால் எடுக்கமுடிந்ததை எல்லாம் கையால் எடுக்கவேண்டும். கத்திரி வெயிலில் சக்கரத்தை மாடியில் அரைமணி வைத்தாலே பசை இளகும். மழைநாளில் தலை உலர்த்தும் டிரையர் போதும். ஹீட் கன் அதன் வாயிலேயே சில நூறு டிகிரி செல்சியஸ் சூட்டைத் துப்பும். கார்பனுக்கு அது ஆகாது. இளகிய பசையைக் கட்டைவிரலால் தேய்த்து உருட்டினால் சிறு உருண்டை கிடைக்கும். அதை எறியாமல் ரிம்மின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள்: பசைக்குப் பசையே நல்ல பற்றுக்கோல், உருண்டை பெருத்துக்கொண்டே வரும். கொஞ்சம் புதிய பசையை மேலே பூசிச் சில நிமிடம் விட்டு உருட்டுவதும் பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். புதியதிலுள்ள கரைப்பான் அடியிலிருக்கும் பழையதையும் இளக்கிவிடும்.

எஞ்சிய படலத்துக்கே கரைப்பான். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: பல ரிம்களின் படுகையில் ஸ்போக் துளைகள் இருக்கின்றன. சக்கரத்தை நிறுத்தி மேற்பகுதியில் துடைத்தால், கரைந்த பசை அந்தத் துளைகளின் வழியே ரிம்முக்குள் இறங்கி, ஸ்போக்கை இறுக்கும் நிப்பிளில் உறைந்துவிடும். அடுத்த முறை சக்கரத்தின் கோட்டம் எடுக்கும்போது நிப்பிள் திரும்பாது. சக்கரத்தைத் தொங்கவிட்டு, படுகை தரையைப் பார்க்கும் அடிப்பகுதியில் மட்டும் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வருவதே சரி. சொட்டுவதெல்லாம் கீழே விரித்த காகிதத்தில் விழும். பிரேக் பிடிக்கும் பக்கச் சுவர்களில் முன்கூட்டியே மறைப்பு டேப் ஒட்டிக்கொள்ளலாம். துடைக்க, மெக்கானிக் கடைகளில் கிலோக் கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட்தான் சிறந்தது. வெள்ளைத் துண்டாகப் பார்த்து எடுத்தால், பழுப்பு ஏறாமல் துணி வெள்ளையாகவே வரும் நேரத்தில் வேலை முடிந்தது என்று அறியலாம்.

அலுமினியத்தில் பிடிவாதமான திட்டுகளுக்கு, கரைப்பானில் நனைத்த துணியைச் சுற்றி மேலே பாலித்தீன் தாளால் மூடிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நைலான் நாரால் தேய்க்கலாம். கார்பனை ஊறவைக்கக்கூடாது, நனைத்த துணியால் துடைப்பதோடு நிறுத்தவேண்டும். உப்புத்தாளும் கார்பன் பக்கம் வரவேண்டாம்.

எந்தக் கரைப்பான்

காய்ந்த டயர்ப் பசையில் பெரும்பாலும் ரப்பரும் பிசினும் கலந்திருக்கும். அசிட்டோன் பிசினை நன்றாகக் கரைக்கும். இயற்கை ரப்பரை அவ்வளவாகத் தொடாது. டொலுயீன் ரப்பரை ஊதவைத்துக் கரைக்கும். ஒரு பசைக்கு அசிட்டோன் போதும், இன்னொன்று அசையவே இல்லை என்று ஓட்டுகிறவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். ஹார்டுவேர் கடைத் தின்னர் இரண்டின் வேலையையும் ஓரளவு செய்யும். ஆனால் டின்னுக்கு டின் கலவை மாறுவதால் கார்பன் ரிம்முக்கு அதை நம்பமுடியாது. பெயின்ட் நீக்கும் மருந்துகளில் சில எப்பாக்ஸிப் பிசினையே தாக்கும். கார்பன் சக்கரத்துக்கு அது நஞ்சு. பெட்ரோல் கையருகே இருக்கிறது என்று எடுக்கவேண்டாம்: அதில் பென்சீன் உண்டு, ஆவியோ நொடியில் தீப்பிடிக்கும்.

அவசரமில்லாதவருக்கு நீலகிரித் தைலத்தைப் பரிந்துரைப்பேன். புட்டி லேபிளின் கோந்தை எடுக்கும் அதே தைலம் ரப்பர் பசையையும் மெதுவாக இளக்கும். முடிந்ததும் எண்ணெய்ப் படலம் இல்லாதபடி ஸ்பிரிட்டால் இருமுறை துடைக்கவேண்டும். அந்தப் படலம் இருந்தால் புதிய பசை பிடிக்காது.

பழைய தடப் பந்தயச் சக்கரங்களில் ரப்பர் பசைக்குப் பதில் அரக்கு பூசியிருக்கக் காணலாம். மரச்சாமானுக்குத் தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் போடும் அதே அரக்குதான், உலகச் சந்தைக்குப் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போவது. அது கண்ணாடிபோல் இறுகுவதால் டயர் ரிம்மின் மேல் நெளியாது, சக்கரம் இலகுவாக உருளும். அதற்கு அசிட்டோனைத் தேடவேண்டியதில்லை; ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

ஆவியும் கழிவும்

அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதன் ஆவி −20 டிகிரியிலேயே தீப்பற்றும். டொலுயீனுக்கு அந்த எல்லை 4 டிகிரி. இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கலையாமல் தரையோடு தவழ்ந்து, அடுத்த அறை அடுப்பையோ பூஜை விளக்கையோ தொட்டுப் பற்றிக்கொள்ளும். ஒற்றை அறையும் ஒற்றை ஜன்னலுமாக இருக்கும் புளியந்தோப்பு வீடுகளில், குழந்தைகள் படுத்திருக்கும் அறைக்குள் இந்த வேலை செய்யவே கூடாது. மாடி அல்லது திறந்த முற்றம், அருகில் பீடி சிகரெட் இல்லாமல். டொலுயீனைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். கையுறை போட்டால் போதும் என்றும் எண்ணவேண்டாம்: நீல நைட்ரைல் உறையின் வழியே அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், மெல்லிய ரப்பர் உறையை டொலுயீன் ஊதவைத்துவிடும். உறை நனைந்ததும் மாற்றவேண்டும்.

நனைந்த துணிகளைக் குவித்துவைக்காமல் வெளியே கொடியில் பிரித்துப் போட்டு, ஆவி போனபின் குப்பையில் சேர்க்கலாம். மீந்த கரைப்பானைக் கால்வாயில் ஊற்றக்கூடாது. இங்குள்ள வடிகால் ஓட்டேரி நல்லா ஓடைக்கும் அதன் வழியே பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் போகிறது, மழைக்காலத்தில் அதே தண்ணீர்தான் தெருவுக்குத் திரும்பி ஏறுகிறது. மூடியிறுக்கிய டின்னில் வைத்திருந்தால் பசை அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த சக்கரத்தின் முதல் துடைப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

துடைத்து முடித்த ரிம்மை ஒரு இரவாவது காற்றாட விட்டபிறகே புதிய பசையின் முதல் பூச்சு. துளைகளில் ஈரக் கரைப்பான் இருந்தால் பூச்சின் அடியில் குமிழ் விடும். அந்த இடத்தில் டயர் ஒட்டாது.