பெற்றோர் ஈடுபாடும் பள்ளிக் கல்வியும் (மாஞ்சோலை)

பிள்ளைகளின் படிப்பில் பெற்றோர் காட்டும் அக்கறையும் பள்ளியோடு வைத்துக்கொள்ளும் தொடர்பும் கல்வியில் பெற்றோர் ஈடுபாடு எனப்படும். நடுநிலை வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளை 2009இல் தொகுத்துப் பார்த்த நான்சி ஹில், டயானா டைசன் இருவரும், வீட்டுப்பாடத்தில் உதவுவதைவிடப் படிப்பின் பயனைப் பிள்ளைகளோடு பேசுவதும் எதிர்பார்ப்பை உணர்த்துவதுமே கூடுதல் பலன் தருவதாகக் கண்டனர்.

மாஞ்சோலைக்கு இந்த முடிவு மிகவும் பொருந்தியது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் பம்பாய் பர்மா நிறுவனம் அமைத்த தேயிலைத் தோட்டங்கள் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என மலைமேல் பரந்திருந்தன. பகலெல்லாம் கொழுந்து பறித்து, எடை போட்டு வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டுக்குத் திரும்பிய தாய்க்குக் கணக்குப் பாடம் சொல்லித்தர இயலாமற்போயிருக்கலாம். ஆனால் மழையிலும் பிள்ளையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புவதும், இன்று என்ன படித்தாய் என்று கேட்பதும் அவளால் முடிந்தது. பாடம் சொல்லித்தர இயலாததை அக்கறையின்மை என்று எடைபோடுவது பெரும் அநீதி.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர் குழந்தைகளின் கல்வி வசதிக்கு வழிசெய்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கும், மொத்த இடங்களில் பாதியைப் பெண்களுக்கும் ஒதுக்கியது. கூலி வேலை கெடாத நேரத்தில் கூட்டம் நடந்தால்தான் அந்த இடம் பயன்படும்.