முழுச்சட்டகமும் குறுஞ்சட்டகமும்: ஓர் அளவின் வரலாறு



பள்ளி இதழுக்கெனப் புதிய நிழற்படக் கருவி ஒன்று வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் ஒதுக்கியுள்ளது. ஃபுல் ஃபிரேம் எனப்படும் முழுச்சட்டகக் கருவியா, கிராப் சென்சார் எனப்படும் குறுஞ்சட்டகக் கருவியா எனும் வினா என்னிடம் வந்து சேர்ந்தது. விடை கூறுமுன் இவ்விரு அளவுகளும் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினேன். வரலாறு கற்பிப்பவனின் பழக்கம் அது.

36×24 மில்லிமீட்டர் என்னும் அளவை எந்த அறிவியல் விதியும் வகுக்கவில்லை. அது திரைப்படச் சுருளின் குழந்தை. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பார் 1890களில் பயன்படுத்திய 35 மி.மீ. அகலச் சுருளில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 24×18 மி.மீ. இருந்தது. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் அச்சுருளைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, இரண்டு படங்களின் இடத்தை ஒரே படத்திற்கு அளித்தார். அக்கருவி 1925-இல் லைக்கா என்னும் பெயரில் லைப்சிக் சந்தைக்கு வந்தது. பின்னர் ஜப்பானியரும் அவ்வளவையே பின்பற்றி வில்லைகள் செய்தனர்.

மின்னியல் காலத்தில் சிக்கல் எழுந்தது. உணரிச் சில்லுகளை ஒளியால் அச்சிடும் இயந்திரம் ஒருமுறைக்கு 33×26 மி.மீ. பரப்பையே பதிக்கும். 36 மி.மீ. அதனுள் அடங்காது, பகுதி பகுதியாகப் பதித்து இணைக்கவேண்டும். சில்லு பெரிதானால் ஒரு சிலிக்கான் தட்டில் கிடைக்கும் எண்ணிக்கையும் குறையும், பழுதும் கூடும். ஆகவே 1999-இல் வந்த நைக்கான் டி1 கருவி 23.7×15.6 மி.மீ. உணரியோடு நின்றது. 1996-இல் அறிமுகமான ஏபிஎஸ் படச்சுருளின் ஓர் அளவை இது ஒத்திருந்ததால், ஏபிஎஸ்-சி என்னும் பெயர் நிலைத்தது. சுருள் மறைந்தது, பெயர் மட்டும் வாழ்கிறது!

2002-இல் காண்டாக்ஸும், அதே ஆண்டில் கேனன் 1டிஎஸ்-உம் முழுச்சட்டகத்தைக் கொணர்ந்தன. பின்னதன் விலை 7,999 அமெரிக்க டாலர். மறு ஆண்டே குறுஞ்சட்டகக் கேனன் 300டி 899 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நைக்கான் 2007-இல்தான் டி3 வழியாக முழுச்சட்டகத்திற்கு வந்தது.

இவ்வேறுபாட்டை நான் ஏட்டில் கற்கவில்லை. 2006-இல், படச்சுருள் காலத்து 50 மி.மீ. வில்லையைக் குறுஞ்சட்டகக் கருவியில் பூட்டி, ஆறாம் ஆண்டு மாணவர் பன்னிருவரை வரிசையாக நிறுத்தினேன். எட்டு மீட்டர் தொலைவில் பழைய கருவியில் ஐந்தே முக்கால் மீட்டர் அகலம் அடங்கும். இதில் மூன்றே முக்கால்தான். பின்னால் நகர்ந்தேன், சுவர் தடுத்தது. பிள்ளைகளை இரு வரிசையாக நெருக்கினேன். பின்வரிசையில் இருவர் முகம் பாதி மறைந்துபோயிற்று. அவ்வகுப்பிற்கு வேறு படம் இல்லை. இன்றும் அதைப் பார்க்க மனம் கூசுகிறது.

முழுச்சட்டகத்தின் பரப்பு 864 சதுர மி.மீ.; மற்றது ஏறத்தாழ 370. ஒரே துளையளவில் ஒரே காட்சியை எடுத்தால் முன்னது இருமடங்கிற்கும் மேல் ஒளியைப் பெறும். மங்கிய மண்டபத்தில் நடைபெறும் கலைவிழாவுக்கு அது பெருந்துணையே. ஆனால் அதற்கேற்ற வில்லைகள் எடையும் விலையும் மிக்கவை; கருவிக்கே பணம் தீர்ந்தால் வில்லைக்கு எங்கே போவது?

குறுஞ்சட்டகக் கருவியும் ஓர் அகலக்கோண வில்லையும் போதும் என்று சங்கத்திற்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய 50 மி.மீ. வில்லை மாணவர்களின் தனிப்படங்களுக்கு உதவும்.