மடை: ஒரு சொல்லின் பாய்ச்சல்

வாய்க்கால் தண்ணீர் முதலில் எட்டும் வயல் தலைமடை. கடைசியில் எட்டுவது கடைமடை. மூன்று பக்கம் தமிழகமும் கிழக்கே வங்கக் கடலுமாக இருக்கும் காரைக்கால் முழுவதுமே காவிரிக்குக் கடைமடைதான். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயன் ஆறு எல்லாம் மேற்கே பல ஊர்களுக்குப் பாய்ந்த பிறகே இங்கே வருகின்றன. இந்த ஊரைப் பற்றிய செய்திகளில் மடை என்ற சொல் ஓயாமல் வருவதற்கு அதுவே காரணம். ஆனால் நாளிதழின் ஒவ்வொரு பக்கத்திலும் அது ஒரே பொருளில் வருவதில்லை.

மடு என்ற வினையிலிருந்து மடை பிறந்தது என்பது அகராதி காட்டும் வழி. மடுத்தல் என்றால் உட்கொள்ளுதல், ஊட்டுதல். வாய்மடுத்தல், செவிமடுத்தல் என்பவை அதே வினையில் கிளைத்தவை. வயலுக்கு நீரை ஊட்டும் திறப்பு மடை. தெய்வத்துக்கு ஊட்டும் உணவும் மடை. அந்த உணவைச் சமைக்கும் இடம் மடைப்பள்ளி. ஈழத்துக் கோயில்களில் மடை பரவுதல் இன்றும் வழக்கில் இருக்கிறது. காரைக்கால் மாங்கனித் திருவிழாச் செய்திகளில் அது ‘அமுது படையல்’ ஆகிவிட்டது. ஆன்மிகப் பக்கத்தில் பழைய சொல் பெரும்பாலும் மடைப்பள்ளி என்ற பெயருக்குள் மட்டுமே தங்கியிருக்கிறது.

வேளாண் செய்தியில் மடை ஓர் இடம். வழக்கமான ஆண்டில் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும். நீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாளாகும். அதன்பின் ‘கடைமடை வரை தண்ணீர் சென்றது’ என்று ஒரு செய்தியும், ‘கடைமடை விவசாயிகள் கவலை’ என்று இன்னொரு செய்தியும் வரும். எந்த வாய்க்கால், எந்த ஊர் என்று எழுதாதவரை இரண்டில் எது மெய் என்று வாசகருக்குத் தெரியாது.

நீதிமன்றச் செய்தியில் அதே கடைமடை ஓர் அளவாகிறது. காவிரி நடுவர் மன்றத்தின் 1991 இடைக்கால உத்தரவு, தமிழகத்துக்கு வரும் 205 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி.யைக் காரைக்காலுக்கு ஒதுக்கியது. 2007 இறுதித் தீர்ப்பில், காரைக்கால் அடங்கிய புதுச்சேரியின் பங்கு 7 டி.எம்.சி. ஆனது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அந்த ஏழும் காகிதத்தில் உரிமை. வயலில் அது குறுவைக்கோ சம்பாவுக்கோ உரிய நேரத்தில் வந்தாக வேண்டும்.

வானிலைப் பக்கத்தில் பொருள் தலைகீழாகிறது. ஜூனில் தண்ணீருக்கு ஏங்கும் கடைமடை, வடகிழக்குப் பருவமழையில் முதலில் மூழ்குகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தபோது டெல்டா முழுதும் வெள்ளக்காடானது. அப்போது கடைமடை என்றால், மேலிருந்து வரும் வெள்ளத்தையெல்லாம் வாங்கிக் கடலுக்கு விடவேண்டிய தாழ்நிலம்.

அரசியல் செய்தியாளர்களிடம் போன மடை மண்ணை விட்டே கிளம்பிவிட்டது. தலைவர் ‘மடை திறந்த வெள்ளமாக’ப் பேசுகிறார். நிதி ‘மடைமாற்றம்’ செய்யப்படுகிறது, விவாதம் ‘மடைமாற்றப்படுகிறது’. கேட்பதற்குத் துறைச் சொல்போலச் சுத்தமாக இருக்கிறது மடைமாற்றம். முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊரில் அதன் பொருள் வேறு. முறை மாறி ஒருவர் மடையை அடைத்துத் தன் பக்கம் திருப்பினால் அடுத்தவர் பயிர் காயும், சண்டை வரும். ஒரு திட்டத்தின் பணம் மடைமாற்றப்பட்டது என்று எழுதும்போதும், காய்ந்துபோன வயல் ஒன்று எங்கோ இருக்கிறது. அது யாருடையது என்று சொல்வதில்தான் செய்தி முழுமையடைகிறது.

ஊட்டுதல் என்ற வேர்ப்பொருள் இத்தனை பயன்பாடுகளுக்கும் அடியில் ஓடுகிறது. ஊட்டுவதென்றால் வாங்கிக்கொள்ளும் வாய் ஒன்று இருந்தாக வேண்டும். மடை என்று எழுதும் செய்தியாளர், எந்தப் பக்கத்துக்கு எழுதினாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை? காரைக்கால் விவசாயி ஆண்டுதோறும் கேட்பதும் இதைத்தான்.