முயலுக்கு வைத்த தொப்பி

ஈஸ்டர் கூடைக்கு மூத்தது தொப்பி. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள், முட்டையிடும் முயலின் கதையையும் கூடவே கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் 1682இல் வெளியான ஒரு மருத்துவ நூலிலேயே அந்த முயல் இடம்பெற்றுவிட்டது.

பண்டிகைக்கு முந்தைய இரவு பிள்ளைகள் தொப்பியை மல்லாத்தி, வைக்கோலோ புல்லோ பரப்பி, தோட்டத்து மூலையில் வைப்பார்கள். விடிந்தால் அதில் வண்ண முட்டைகள் கிடக்கும். முட்டை வீட்டுக் கோழி இட்டது; சாயம் அடுப்படியில் சேர்த்த வெங்காயத் தோல். தோலோடு சேர்த்து வேகவைத்தால் ஓடு செங்கல் நிறத்துக்குச் சிவக்கும். அதன்மேல் கூரான முனையால் பூ, பறவை, பிள்ளையின் பெயர் என்று பொறுமையாகச் சுரண்டுவார்கள். கீறிய இடம் மட்டும் வெளிறித் தெரியும். அந்தக் கைவேலைதான் தொப்பிக்கும், அதன் இடத்துக்குப் பின்னால் வந்த கூடைக்கும் உயிர்.

1873இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் சாக்லேட் முட்டையை விற்கத் தொடங்கியது. பின்னாளில், புல் இருந்த இடத்தில் பச்சைப் பிளாஸ்டிக் இழை வந்து உட்கார்ந்தது.