பாசெல் மிஷன் ஓட்டு ஆலைகள்

பழைய பள்ளிக் கட்டடங்களில் வேய்ந்த மங்களூர் ஓடுகளைப் புரட்டிப் பார்த்தால், சிலவற்றின் அடிப்பக்கத்தில் பாசெல் மிஷன் என்ற பெயர் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும். நற்செய்தி அறிவிக்க வந்த ஒரு சங்கத்தின் பெயர் கூரை ஓட்டில் ஏறியதற்குப் பின்னால் ஒரு வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1815இல் தோன்றியது இந்த மிஷன். அதன் ஊழியர்களான ஹெபிக், லேனர், கிரைனர் ஆகிய மூவரும் 1834இல் மங்களூர் வந்து சேர்ந்தனர். துளு நாட்டில் கிறித்தவத்தைத் தழுவியவர்களில் பில்லவர்கள் கணிசமானோர். கள் இறக்குவது அவர்களில் பலருக்குத் தொழில். கிறித்தவரானபின் அத்தொழிலை மிஷன் ஏற்கவில்லை. மதம் மாறியவரை உறவினர் ஒதுக்கினர். குத்தகை நிலமும் பலருக்குப் பறிபோனது. ஞானஸ்நானம் கொடுத்தவர்களே சோற்றுக்கும் வழி காட்ட வேண்டியதாயிற்று. வெறும் தர்மமாகக் கொடுத்துக்கொண்டே இருப்பது சபையைக் கெடுக்கும் என்பது மிஷனரிகளின் எண்ணம். உழைத்துப் பிழைப்பதும் இறைவழிபாட்டின் ஒரு பகுதியே என்று நம்பிய பக்தி மரபிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

முதலில் வேளாண்மையையும் சில கைத்தொழில்களையும் முயன்றனர். பெரிய பலன் இல்லை. நெசவு கைகொடுத்தது. 1851இல் மங்களூர் வந்த ஹாலர் என்ற நெசவு வல்லுநர் அங்கே நெசவாலையை வளர்த்தார், காக்கிச் சாயத் துணியும் நெய்தார். காக்கியே மங்களூரில்தான் பிறந்தது என்று சிலர் எழுதுவதை ஏற்பதற்கில்லை. வடமேற்கு எல்லையில் லம்ஸ்டெனின் படையினர் அதற்கு முன்பே காக்கி உடுத்தத் தொடங்கிவிட்டனர்.

மிஷனுக்குப் பெரும் பெயர் தந்தது ஓடுதான். நேத்திராவதி, குருபுரா ஆறுகளின் களிமண் ஓட்டுக்கு ஏற்றது என்று கண்ட பிளெப்ஸ்ட், 1865இல் ஜெப்புவில் ஆலை தொடங்கினார். அச்சில் அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுட்ட இந்த ஓடுகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்பவை. கையால் வனைந்த நாட்டு ஓட்டைவிடக் குறைந்த எண்ணிக்கையே போதும். கூரையின் பாரமும் குறையும். ஆண்டுதோறும் கூரை மாற்றும் தொல்லையும் இல்லை. பின்னர் கோழிக்கோடு, பாலக்காடு, பெரோக் முதலிய இடங்களிலும் ஆலைகள் எழுந்தன. உள்ளூர் முதலாளிகளும் அதே வழியில் ஓட்டு ஆலைகளைத் தொடங்கினர்.

வியாபாரத்தைத் தனியாகக் கவனிக்க 1859இல் பாசெலில் ஒரு வர்த்தகக் கம்பெனி ஏற்பட்டது. பங்குதாரர்களுக்கு அளவான வட்டி போக, எஞ்சிய இலாபம் மிஷனைச் சேரும். கணக்கில் இது தெளிவான ஏற்பாடுதான். ஆனால் ஆலையில் வேலை கொடுப்பவரும் கோயிலில் ஒழுங்கு கேட்பவரும் ஒரே மிஷனின் ஆட்களாக இருந்தனர். சபையில் கண்டிக்கப்பட்டவர் கூலிக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. வேலைக்காகத்தான் மதம் மாறுகிறார்கள் என்ற பேச்சும் ஓயவில்லை. சாதிக் கட்டிலிருந்து வெளியே வந்தவர் வேறொரு சார்பில் சிக்கினார் என்ற குறையை நான் மறுக்க மாட்டேன். அதே சமயம், முன்பு தீண்டாமை பார்த்தவர்கள் ஒரே கூரையின் கீழ் நின்று வேலை செய்ததும், கைத்தொழில் அறிந்த ஒரு தலைமுறை உருவானதும் இந்த ஆலைகளில்தான்.

1914இல் மூண்ட உலகப் போர் எல்லாவற்றையும் மாற்றியது. மிஷனரிகளில் பலர் ஜெர்மானியர். அவர்களை ஆங்கில அரசு காவலில் வைத்தது அல்லது நாட்டைவிட்டு அனுப்பியது. ஆலைகள் பறிமுதலாகி, போருக்குப்பின் லண்டனில் அமைந்த காமன்வெல்த் டிரஸ்ட் நிறுவனத்திடம் சென்றன. சூளைகள் தொடர்ந்து எரிந்தன. தொழிலாளர் வழக்கம்போல் வேலைக்கு வந்தனர். புதிதாக வார்த்த ஓடுகளில் மட்டும் காமன்வெல்த் என்ற பெயர் பதிந்தது.