கடமை உண்டு, விசாரிக்க மன்றமில்லை: 1947 சமாதான உடன்படிக்கைகளின் மனித உரிமைத் தகராறு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பக்கம் நின்ற இத்தாலி, ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி, பின்லாந்து ஆகிய ஐந்து நாடுகளுடன் 1947 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் சமாதான உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. இவற்றுள் பல்கேரிய, ஹங்கேரிய உடன்படிக்கைகளின் 2ஆம் பிரிவும் ருமேனிய உடன்படிக்கையின் 3ஆம் பிரிவும் பேச்சு, பத்திரிகை, வழிபாடு, அரசியல் கருத்து, பொதுக்கூட்டம் ஆகிய உரிமைகளை அனைவருக்கும் உறுதிசெய்ய அந்தந்த அரசுகளைக் கடமைப்படுத்தின. மூன்றே ஆண்டுகளில் இக்கடமை ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம்வரை சென்று, பயனின்றித் திரும்பியது. அதன் போக்கைத் தீர்மானித்தது உரிமைகளின் உள்ளடக்கமன்று, நடுவரை நியமிக்கும் முறையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

உத்தரவாதம் இல்லாத உரிமை

முதல் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவில் சிறுபான்மையினரைக் காக்க உருவான ஒப்பந்தங்களுக்குச் சர்வதேச சங்கம் உத்தரவாதம் அளித்தது. சிறுபான்மையினரின் முறையீடுகள் அச்சங்கத்தை எட்ட வழியிருந்தது. அதன் சபை உறுப்பு நாடுகள் நிரந்தர சர்வதேச நீதிமன்றத்தை அணுகவும் முடிந்தது. 1947 உடன்படிக்கைகள் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் விரித்தன. ஆனால் காவலுக்கு ஒரு நிறுவனத்தையும் நிறுத்தவில்லை. 1946 பாரிஸ் மாநாட்டில், இதற்கென ஓர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேண்டுமென்று ஆஸ்திரேலியா முன்மொழிந்தது. அது ஏற்கப்படவில்லை.

மாற்றாக அமைந்தது படிப்படியான ஒரு நடைமுறை. தகராறு எழுந்தால் அந்தந்தத் தலைநகரிலுள்ள சோவியத், பிரிட்டிஷ், அமெரிக்கத் தூதரகத் தலைவர்கள் மூவரும் கூடி ஆராய்வர். 2 மாதங்களில் தீராவிட்டால், தரப்புக்கு ஒரு பிரதிநிதியும் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் மூன்றாம் நாட்டவர் ஒருவரும் கொண்ட ஆணையம் அமையும். மூன்றாமவர் குறித்து ஒரு மாதத்துக்குள் இணக்கம் எட்டாவிட்டால், ஐ.நா. பொதுச்செயலாளர் அவரை நியமிக்குமாறு எந்தத் தரப்பும் கேட்கலாம். தன் பிரதிநிதியையே நியமிக்க ஓர் அரசு மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு உடன்படிக்கையில் வழி கூறப்படவில்லை.

தகராறு முற்றுதல்

உடன்படிக்கைகள் 1947 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. எட்டாம் நாளே பல்கேரிய எதிர்க்கட்சித் தலைவர் நிகோலா பெட்கோவ் தூக்கிலிடப்பட்டார். 1949 பிப்ரவரியில் ஹங்கேரியின் கார்டினல் மிண்ட்சென்டிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்து சோபியாவில் புரொட்டஸ்டன்ட் சபைத் தலைவர்கள் 15 பேர்மீது வழக்கு நடந்தது. ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய மூன்று அரசுகள்மீதும் உடன்படிக்கை மீறல் குற்றம் சாட்டிக் குறிப்புகள் அனுப்பின. மூன்று அரசுகளும் குற்றச்சாட்டை மறுத்தன. பாசிச அமைப்புகளை ஒடுக்கவேண்டும் என்று அதே உடன்படிக்கை கட்டளையிடுவதைச் சுட்டி, அதையே நிறைவேற்றுவதாகக் கூறின. எஞ்சியது உள்நாட்டு விவகாரம் என்றன. தூதரகத் தலைவர்கள் கூடுவதற்குச் சோவியத் ஒன்றியம் இணங்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று ஆணையம் அமைக்கக் கோரியபோது மூன்று அரசுகளும் பிரதிநிதிகளை நியமிக்க மறுத்தன.

ஹேக்கின் இரு கருத்துரைகள்

1949 அக்டோபர் 22 அன்று ஐ.நா. பொதுச்சபை நான்கு கேள்விகளை நீதிமன்றத்தின் ஆலோசனைக்கு அனுப்பியது. உரிமைகள் மீறப்பட்டனவா என்பது அவற்றுள் இல்லை. தகராறு உண்டா, பிரதிநிதியை நியமிக்கும் கடமை உண்டா, மறுத்தால் பொதுச்செயலாளர் மூன்றாமவரை நியமிக்கலாமா, ஒரு தரப்பின் பிரதிநிதியும் மூன்றாமவரும் மட்டும் கொண்ட ஆணையம் தீர்ப்பு வழங்கலாமா என்பவையே இருந்தன.

1950 மார்ச் 30 அன்று 11-3 என்ற வாக்கில் முதல் இரு கேள்விகளுக்கும் ஆம் என்றது நீதிமன்றம். ஓர் அரசு மறுப்பதாலேயே தகராறு இல்லாமல் போகாது; உடன்படிக்கையின் பொருளை ஆராய்வது உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதும் ஆகாது என்று விளக்கியது. 30 நாள் அவகாசத்துக்குப் பின்னும் பிரதிநிதிகள் நியமிக்கப்படவில்லை. ஜூலை 18 அன்று 11-2 என்ற வாக்கில் மூன்றாம் கேள்விக்கு இல்லை என்றது. நான்காவதற்குப் பதில் தேவைப்படவில்லை. இரு தரப்புப் பிரதிநிதிகளும் அமர்ந்த பிறகே மூன்றாமவர் நியமனம் வரும். மறுப்பு கடமை மீறலே, ஆயினும் அதைக் காட்டி இல்லாத அதிகாரத்தைப் பொதுச்செயலாளருக்கு வழங்க இயலாது என்பது அதன் நிலை. கனடாவின் ரீட், பிரேசிலின் அசெவெடோ ஆகிய நீதிபதிகள் மட்டுமே மாறுபட்டனர்.

பின்விளைவு

நவம்பர் 3 அன்று பொதுச்சபை மூன்று அரசுகளையும் கண்டித்தது. மறுநாள் ரோமில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம், வழக்குதோறும் நியமனம் தேவைப்படாத நிரந்தர ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வழிசெய்தது. சர்வதேசச் சட்ட ஆணையம் 1958இல் வெளியிட்ட நடுவர் தீர்ப்பு மாதிரி விதிகள், ஒரு தரப்பு நியமிக்கத் தவறினால் சர்வதேச நீதிமன்றத் தலைவர் நியமிக்க இடமளித்தன. ஆனால் அரசுகள் அவற்றைக் கட்டாய ஒப்பந்தமாக்க முன்வரவில்லை; அவை மாதிரியாகவே நின்றன.

முடிவுரை

1950 ஜூலைக் கருத்துரையை நீதிமன்றத்தின் தயக்கம் என்று மட்டும் படிப்பது போதாது. உடன்படிக்கையை எழுதியவர்கள் விட்ட இடைவெளியை நீதிபதிகள் நிரப்ப மறுத்தார்கள். அந்த இடைவெளி, 1946இல் நீதிமன்ற யோசனை கைவிடப்பட்டபோதே உருவானது. மனித உரிமை ஷரத்தை மதிப்பிடும்போது அது பட்டியலிடும் உரிமைகளோடு, குற்றம் சாட்டப்பட்ட அரசு வர மறுத்தாலும் விசாரணை தொடங்குமா என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.