வானலையும் வடிகட்டியும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரம் ஓசைக்குப் பெயர் பெற்றது. 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அச்சாலையில் துணிக்கடைக்காரரின் கூவலும், இசைப்பேழை விற்போர் ஒலிபெருக்கியில் பாடவிட்ட திரைப்பாடல்களும், தொழுகை அழைப்பும், வண்டிகளின் இரைச்சலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வந்திருக்கின்றன. ஆயினும், அங்கே சேலை வாங்க வந்த ஒரு தாய், கூட்டத்தில் தன் பிள்ளை அழும் குரலை மட்டும் இனம் கண்டுவிடுகிறாள். செவி எல்லாவற்றையும் ஏற்கின்றது. உள்ளம் வேண்டியதைப் பிரித்தெடுக்கின்றது. இந்தப் பிரித்தெடுப்பைப் பொறியின் பொறுப்பில் விட்ட வரலாறு ஒன்று உண்டு. அமெச்சூர் வானொலியர் வளர்த்த செய்தி வலையின் வரலாறே அது.

மலாயாவில் வானொலியைத் தொடங்கி வைத்தவர்கள் அரசினர் அல்லர், ஆர்வலர்களே ஆவர். 1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளர் ஏ.எல். பர்ச் என்பவர் முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். அவர் அமைத்த ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கம் 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பியது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அதுபோன்ற சங்கங்கள் தோன்றின. கோலாலம்பூர்ச் சங்கத்தார் 1930ஆம் ஆண்டையொட்டி புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து 325 மீட்டர் அலையில் ஒலிபரப்பினர். தமிழகத்திலும் இதே கதைதான். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி அவ்வாண்டிலேயே ஒலிபரப்பும் நடத்தினார். பொருள் முடையால் 1927இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலில் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வலர் வெட்டிய வாய்க்காலில்தான் அரசு பின்னர் நீர் பாய்ச்சியது எனலாம்.

அந்நாளில் வானில் குரல்கள் மிகச் சில. கேட்பவனுக்குப் பஞ்சமே கவலை, வெள்ளம் அன்று. இரவெல்லாம் விழித்துக் குமிழைத் திருகி, இரைச்சலுக்கிடையே ஒரு மெல்லிய மோர்ஸ் குறியைக் கண்டால் அதுவே பேறாகக் கருதப்பட்டது. தொலைதூர நிலையத்தைத் தேடும் இவ்வேட்டையை டி.எக்ஸ். என்று சுருக்கமாக வழங்கினர்.

பிறகு வந்தது போர். 1939இல் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் அமெச்சூர் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அயல்நாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பேராக்கில் பாப்பான் சிற்றூரில் மருத்துவத் தொண்டாற்றிய சிபில் கார்த்திகேசும் அவர் கணவரும் மறைத்து வைத்த கருவியில் இலண்டன் செய்தி கேட்டு வந்தனர். போராளிகளுக்கும் மருத்துவம் செய்தனர். 1943இல் கைதான சிபில் அம்மையார் பட்ட வதையின் வடுக்கள் ஆறாமலே 1948இல் மறைந்தார். எது செவிக்கு எட்டலாம், எது எட்டலாகாது என்று பிறனொருவன் வகுத்த வடிகட்டி அது. அமெச்சூர் வானொலியின் வடிகட்டியைப் பற்றி எண்ணும்போது இந்த முன்கதையை மறத்தல் ஆகாது. ஏனெனில் வடிகட்டி என்னும் சொல் ஒன்றே ஆயினும், அதன் பிடி எவர் கையில் உள்ளது என்பதைப் பொறுத்துப் பொருள் தலைகீழாய் மாறிவிடுகின்றது.

போருக்குப் பின் 1952இல் மலாயா அமெச்சூர் வானொலி ஒலிபரப்பாளர் சங்கம் அமைந்தது. மலேசியா உருவான பின் நாட்டின் பெயருக்கேற்பத் தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. வி.எஸ்.2 என்று தொடங்கிய அழைப்புக்குறி, விடுதலைக்குப் பின் 9எம்2 ஆயிற்று. சபாவுக்கு 9எம்6, சரவாக்குக்கு 9எம்8. தொடக்க நிலை உரிமம் பெற்றோர்க்கு 9டபிள்யூ2 என்னும் குறி பிற்காலத்தில் வழங்கப்பட்டது. ஒருவர் வாய் திறந்து குறியைச் சொன்ன மாத்திரத்தில் அவர் நாடு இன்னதெனக் கேட்பவர் உணர்ந்துகொள்வர். இந்தக் குறியமைப்பே பின்னாளில் வடிகட்டிக்கும் அடிப்படையாயிற்று.

அரிய நிலையம் ஒன்று வானில் தோன்றினால் நண்பர்க்குத் தொலைபேசியில் சொல்வதும், உள்ளூர் அலைவரிசையில் குரல்கொடுத்து அறிவிப்பதும் பழைய வழக்கம். 1980களில் கணினியும் வானொலியும் கைகோத்து, எழுத்துச் செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி அலையில் அனுப்பும் பாக்கெட் முறை பரவியது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில், ஏ.கே.1.ஏ. என்னும் அழைப்புக்குறி கொண்ட அமெரிக்கர் டிக் நியூவெல் பாக்கெட்கிளஸ்டர் என்னும் மென்பொருளைப் படைத்தார். ஒருவர் தாம் கேட்ட நிலையத்தைத் தட்டச்சிட்டால், கணுவோடு இணைந்த அனைவர் திரையிலும் அது வரியாகத் தோன்றும். இணையம் பரவிய பின், இங்கிலாந்தின் டர்க் கூப்மன் உருவாக்கிய டி.எக்ஸ். ஸ்பைடர் முதலிய மென்பொருள்கள் கணுக்களை உலகளாவப் பிணைத்தன. கிள்ளானில் இருப்பவரும் கீழ்க்கரையில் இருப்பவரும் ஒரே வரியை ஒரே நொடியில் காணும் நிலை உண்டாயிற்று.

அவ்வரியின் அமைப்பு எளியது. கேட்டவரின் குறி, அதிர்வெண், கேட்கப்பட்டவரின் குறி, ஒரு சிறு குறிப்பு, உலகப் பொது நேரம், அவ்வளவே. ஸ்பாட் என்று இதனை அழைப்பர். ஒரு மணிக்குப் பத்து வரி வந்த நாளில் இது வரமாக இருந்தது. நொடிக்குப் பல வரி வந்தபோது வரமே சுமையாயிற்று. கரிபியத் தீவு ஒன்றை இத்தாலியர் நண்பகலில் கேட்டார் என்பது மெய்யான செய்திதான். ஆனால் அப்போது மாலை வேளையாக இருக்கும் கோலாலம்பூரில் அந்த அலைவரிசை ஓய்ந்து கிடக்குமாயின், அச்செய்தியால் பயன் என்ன? மெய்யாயினும் தனக்கு உதவாத செய்தி இரைச்சலே ஆகும்.

ஆகவே கணுவுக்குக் கட்டளையிடும் முறை வளர்ந்தது. டி.எக்ஸ். ஸ்பைடரில் இதற்கு இரண்டே வினைகள்: ஏற்றுக்கொள் எனப் பொருள்படும் அக்செப்ட், தள்ளு எனப் பொருள்படும் ரிஜெக்ட். சுழி முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பத்து வரிசைகளில் விதிகளை எழுதலாம். ஒரே எண்ணில் இரண்டும் இருப்பின் தள்ளும் விதியே முந்தும். வந்த ஸ்பாட் வரிசைப்படி ஒவ்வொரு விதியோடும் ஒப்பிடப்படும். முதலில் பொருந்திய விதியே தீர்ப்பு. தள்ளும் விதி மட்டும் எழுதியவருக்கு எஞ்சியவை எல்லாம் வந்து சேரும். ஏற்கும் விதி மட்டும் எழுதியவருக்கோ எஞ்சியவை எல்லாம் நின்றுபோகும். புதியவர் பலர் சறுக்கும் இடம் இதுவே. மோர்ஸ் செய்திகளை விரும்பிய ஒருவர் 'மோர்ஸை ஏற்றுக்கொள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, குரல்வழிச் செய்திகள் ஏன் வரவில்லை என்று நாட்கணக்கில் திகைப்பதுண்டு. பொறியின்மேல் பிழையில்லை. அது சொன்னதைச் செய்தது, எண்ணியதைச் செய்யவில்லை.

தமிழாசிரியர்க்குச் சுவை தரும் பகுதி இனிமேல்தான் உள்ளது. இவ்விதிகளில் இடத்தைக் குறிக்க இருவேறு சொற்கள் உள்ளன. ஒன்று, கேட்டவர் இருக்கும் மண்டலம். மற்றொன்று, கேட்கப்பட்டவர் இருக்கும் மண்டலம். எழுவாயையும் செயப்படுபொருளையும் மாணவன் மயங்குவதுபோல இவ்விரண்டையும் மயங்குவோர் மிகுதி. உலகை 40 மண்டலங்களாக வகுத்த அமெச்சூர்க் கணக்கில் மலேசியா 28ஆவது மண்டலம், தமிழகமும் இலங்கையும் 22, அந்தமான் 26, ஜப்பான் 25. கோலாலம்பூர்வாசி ஒருவர் '28ஆம் மண்டலத்தை ஏற்றுக்கொள்' என்று கேட்கப்பட்டவர் பெயரில் எழுதினால், அண்டை வீட்டாரைப் பற்றிய செய்தியே வந்து குவியும். அதையே கேட்டவர் பெயரில் எழுதினால், அண்டை வீட்டார் செவிக்கு எட்டிய உலகமெல்லாம் வந்து சேரும். அவர் செவிக்கு எட்டியது தன் செவிக்கும் எட்டக்கூடும் அன்றோ! 22 முதல் 28 வரையுள்ள மண்டலங்களில் அண்மையானவற்றைத் தேர்ந்து, அங்குள்ளோர் கேட்டவற்றை மட்டும் ஏற்பதே இந்நிலப்பகுதிக்குப் பொருந்தும் பொதுவிதி எனலாம்.

உம்மை, அல்லது, எதிர்மறை என்னும் மூன்று இணைப்புகளும் விதியில் இடம்பெறும். '50,000 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்டவற்றைத் தள்ளு. அண்மை மண்டலத்தார் கேட்டவை நீங்கலாக' என்பது போன்ற தொடரை அடைப்புக்குறி இட்டு எழுத வேண்டும். அடைப்பு இடம் மாறினால் பொருளும் மாறும். செய்யுளில் சொல் பிரிக்கும் இடம் மாறிப் பொருள் திரிந்த கதைகளை வகுப்பில் சொல்லும் ஆசிரியர்க்கு இது புதுமையன்று. வரிசையும் அத்துணை முதன்மையானது. எல்லாவற்றையும் ஏற்கும் அகன்ற விதியை மேலே வைத்து, தள்ளும் விதியைக் கீழே வைத்தால், கீழுள்ளது ஒருநாளும் வேலை செய்யாது. ஷோ பில்டர் என்று கேட்டால் இட்ட விதிகளைக் கணு காட்டும். கிளியர் என்றால் அழிக்கும்.

இவையெல்லாம் கேட்பவன் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் விதிகள். கணுவை நடத்துவோர் கையில் வேறு வகைக் கட்டளைகள் உள்ளன. பொய்க்குறிகளையும், தீய சொற்களையும், தொல்லை தரும் அனுப்புநரையும் பட்டியலிட்டு, அக்கணுவின் வழி எவருக்கும் போகாமல் தடுக்க அவை உதவும். இல்லாத நிலையத்தை இருப்பதாக அறிவித்து ஆயிரம் பேரை அலைக்கழிக்கும் குறும்பர் இவ்வலையிலும் உள்ளமையால் இக்கட்டளைகள் தேவையே. எனினும், இங்கே ஒருவரின் தீர்ப்பு அனைவர் செவியையும் ஆள்கின்றது. தன் வடிகட்டியைத் தானே அவிழ்க்கலாம். நடத்துநரின் வடிகட்டி இருப்பதையே பயனர் அறியாதிருக்கலாம். நல்ல நடத்துநர் அப்பட்டியலைக் குறுகியதாக வைத்து, எஞ்சியதைப் பயனரிடமே விடுவதுதான் முறை. ஆக்கிரமிப்புக் காலத்தை அறிந்த மண்ணில் இந்த வேறுபாடு வெறும் தொழில்நுட்பச் செய்தியாகத் தோன்றாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் இவ்வலையின் வரலாற்றில் தனித்த இடம் உடையது. ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் சார்பில் பாரதி பிரசாத் அம்மையார் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து ஒலிபரப்பியது. பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலிக்கு அடைபட்டிருந்த தீவு அது. எனவே வி.யு.4 என்று தொடங்கும் அதன் குறி உலகின் திரைகளையெல்லாம் நிறைத்தது. விளையாட்டின் உச்சத்தில் இருந்தபோது டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசி இணைப்புகள் அற்ற நிலையில், தொடர்பெண்ணிக்கை சேர்க்க வைத்த அதே கருவி உயிர்ச்செய்தி கொண்டு செல்லும் கருவியாயிற்று. உறவினர் உயிரோடு உள்ளாரா என்னும் வினாவும் விடையும் அதன் வழியே சென்றன. இலங்கையிலும் அமெச்சூர் வானொலியர் அழிவுண்ட கரைக்குக் கருவியுடன் விரைந்தனர். மலேசியாவின் பினாங்கு, கெடா கரைகளும் அன்று உயிர்ப்பலி கொடுத்தன.

அந்நாளில் அந்தமானோடு முன்பே தொடர்பு கொண்டுவிட்ட ஒருவர், 'இனி இது வேண்டா' என்று வி.யு.4 குறியைத் தள்ளும் விதி இட்டிருந்தால், அவர் திரையில் அக்குறி தோன்றியே இராது. ஸ்பாட்டுக்கு ஒரு வடிகட்டியும், பொது அறிவிப்புக்கு வேறொரு வடிகட்டியும் தனித்தனியே வைக்கும் டி.எக்ஸ். ஸ்பைடரின் அமைப்பு இங்கே பொருள்பெறுகின்றது. வேட்டைச் செய்தியை எவ்வளவு இறுக்கினாலும் அறிவிப்பின் கதவைத் திறந்து வைக்கலாம். அறிவிப்பில் அரட்டை மிகுதி என்று அதனையும் அடைத்துவிடுவோர் உண்டு. அது அவரவர் விருப்பம், ஆனால் விலையுள்ள விருப்பம்.

பின்னைய ஆண்டுகளில் வெள்ளம் மேலும் பெருகிற்று. 2008இல் வந்த சி.டபிள்யூ. ஸ்கிம்மர் என்னும் மென்பொருள், மனிதச் செவியின் துணையின்றியே அலைவரிசை முழுவதிலும் உள்ள மோர்ஸ் குறிகளை ஒரே வேளையில் படித்தது. அதனைக் கொண்டு அமைந்த எதிர்முக அலைக்காட்டி வலை, ஒரு போட்டி வார இறுதியில் பல இலட்சம் வரிகளைக் கொட்டுகின்றது. 2017இல், இயற்பியலில் 1993ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும் ஸ்டீவன் பிராங்கும் வகுத்த எப்.டி.8 முறை, செவிக்கே கேளாத குறியையும் கணினி படிக்க வழிசெய்தது. பொறி கேட்டுப் பொறி அறிவித்ததையும், மனிதர் கேட்டு மனிதர் அறிவித்ததையும் பிரித்துக் காட்டும் விதிகள் அதனால் வேண்டியவையாயின. பொறியின் செய்தியில் களைப்பு இல்லை. பிழையாய்ப் படித்த குறியைக் கண்டு ஐயுறும் இயல்பும் அதற்கு இல்லை. மனிதர் இடும் குறிப்பிலோ, 'மெல்லக் கேட்கிறது, ஆனால் பொறுமையான இயக்குநர்' என்பது போன்ற சொல் இருக்கும். பழகியவர்கள் அந்தச் சில சொற்களுக்காகவே மனிதச் செய்தியைத் தனி வரிசையில் ஏற்கின்றனர்.

விதி ஏதும் எழுதாத புதிய பயனர் ஒருவர் கோலாலம்பூரிலிருந்து கணு ஒன்றில் நுழைந்தால், அது தடுக்காமல் விட்ட அனைத்தும் அவர் திரையில் ஓடும். பெரும்பாலோர் முதல் மாலையிலேயே மலைத்து, ஐந்தாறு விதிகளை ஒருசேர எழுதிவிடுகின்றனர். பட்டறிவுடையோர் முதல் சில நாள்கள் வெறுமனே பார்க்கச் சொல்வர்: மாலை 7 மணியளவில் கதிரவன் மறையும்போது எந்த அலைவரிசையில் எந்த மண்டலம் திறக்கின்றது, நள்ளிரவில் எது அடங்குகின்றது என்று குறித்து வைத்து, அதன் பிறகே ஒரு தள்ளும் விதியை எழுதி, ஒரு வாரம் கழித்து அடுத்ததை எழுதுவது அவர்தம் முறை.